முப்பத்தேழு விழுக்காடு

நுழையும்முன்

கணக்கு சரியாக இருந்தும் அதன் விடை தவறான இடத்தில் பயன்படக்கூடும். எந்த நிலைமையை எண்ணி அக்கணக்கு போடப்பட்டது என்பதை மறந்துவிடும்போது இவ்வாறு நேர்கிறது. கணினி வலையமைப்பு ஆய்வில் நேர்ந்த அத்தகைய பிழை ஒன்றையும், அது திருத்தப்பட்ட முறையையும் இப்பாடத்தில் காண்போம்.

ஒரு கட்டடத்திலோ வளாகத்திலோ உள்ள கணினிகளை இணைப்பது குறும்பரப்பு வலையமைப்பு ஆகும். அவற்றுள் பெரிதும் பரவிய ஈதர்நெட் முறை, 1973இல் அமெரிக்காவின் பாலோ ஆல்டோ நகரில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் பிறந்தது. ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் ஆகியோர் அதனை உருவாக்கினர். கணினிகள் யாவும் ஒரே கம்பிவடத்தைப் பகிர்ந்துகொண்டன. எந்தக் கணினி எப்போது அனுப்பலாம் என ஆணையிடும் தலைமை அதில் இல்லை.

இந்த உரிமையே ஐயத்திற்கும் இடமளித்தது. இரு கணினிகள் ஒரே நேரத்தில் அனுப்பினால் தரவுப் பொதிகள் மோதிச் சிதையும். கணினிகள் பெருகப் பெருக மோதலும் பெருகுமன்றோ? கம்பிவடத்தின் கொள்ளளவில் 37 விழுக்காட்டுக்குமேல் பயன்படாது என்ற கருத்து பரவலாயிற்று. வலையமைப்புக்குப் பெரும்பொருள் செலவிடுவோருக்கு இது சிறு செய்தி அன்று.

எண் வந்த வழி

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் 1971இல் தீவுகளை வானொலி அலைவழியே இணைத்தனர். அலோகா எனப்பட்ட அம்முறையில், அனுப்ப விரும்பும் நிலையம் பிறர் அனுப்புகின்றனரா என்று கேளாமலேயே அனுப்பும். அதன் பயன்பாட்டு உச்சம் ஏறத்தாழ 18 விழுக்காடு. நேரத்தைத் துண்டுகளாக்கி, துண்டின் தொடக்கத்தில் மட்டுமே அனுப்பலாம் என வரையறுத்தபோது அது 37 ஆக உயர்ந்தது. கணக்கில் குற்றமில்லை. ஆனால், அது கேளாமல் பேசுவோருக்கான கணக்கு.

ஈதர்நெட்டோ கேட்டுப் பேசுவது. நன்கு பழகியோர் கூடிய அவையைப் போன்றது எனலாம். வடத்தில் ஓசை இருந்தால் கணினி காத்திருக்கும். அனுப்பும்போதே மோதல் நேர்ந்தால் உடனே நிறுத்தி, குறிப்பிலா நேரம் பொறுத்து மீண்டும் முயலும். மீண்டும் மோதினால் காத்திருப்பின் எல்லை இரட்டிப்பாகும்.

அளந்து கண்டது

ஜான் ஷாக், ஜான் ஹப் ஆகிய இருவரும் அம்மையத்தில் இயங்கிய வலையமைப்பையே அளந்து 1980இல் முடிவுகளை வெளியிட்டனர். 550 மீட்டர் வடத்தில் ஏறத்தாழ 120 கணினிகள் இணைந்திருந்தன. வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட். வழக்கமான நாளில் மோதலுக்கு உள்ளானவை 10,000 பொதிகளில் மூன்றுக்கும் குறைவு. செயற்கையாகச் சுமையேற்றியபோதும், நீண்ட பொதிகளாயின் கொள்ளளவில் 90 விழுக்காட்டுக்குமேல் பயன்பட்டது.

காரணத்தை நாமே கணக்கிடலாம். குறிப்பலை அவ்வடத்தின் மறுமுனையை எட்ட ஏறத்தாழ 3 மைக்ரோநொடி ஆகும். 512 பைட்டு கொண்ட பொதியை அனுப்பி முடிக்கவோ ஏறத்தாழ 1,400 மைக்ரோநொடி ஆகும். முதல் 3 மைக்ரோநொடி கடந்துவிட்டால் அனைத்துக் கணினிகளும் அவ்வோசையைக் கேட்டுவிடும், எதுவும் குறுக்கிடாது. ஆபத்து அத்தொடக்கத்தில் மட்டுமே. பொதி மிகச் சிறிதானால் அல்லது வடம் மிக நீண்டால் இந்த விகிதம் கெடும், பயனும் சரியும்.

ஆயினும் பழைய எண் எளிதில் மறையவில்லை. எனவே 1988இல் டேவிட் பாக்ஸ், ஜெஃப்ரி மோகுல், கிறிஸ்டோபர் கென்ட் ஆகியோர், நொடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள ஈதர்நெட்டில் 24 கணினிகளை இணைத்து மீண்டும் அளந்தனர். தம் ஆய்வுக்கட்டுரையின் தலைப்பிலேயே 'கட்டுக்கதைகளும் உண்மையும்' எனப் பொருள்படும் தொடரை அமைத்தனர். வடத்தைத் தேவைக்குமேல் நீட்டாதீர், பொதிகளை இயன்றவரை பெரிதாக்குங்கள் என்பன அவர்கள் கூறிய அறிவுரைகள். பிற்காலத்தில் சுவிட்ச் என்னும் கருவி வந்து ஒவ்வொரு கணினிக்கும் தனி வடம் அளித்தபின், மோதலுக்கே இடமில்லாமல் போயிற்று.