கைத்தொலைபேசியில் வரும் மருந்துச் செய்தி: நாம் அறிய வேண்டியவை

எமது வீடுகளில் ஒருவருக்குச் சுகமில்லையென்றால், டொக்டரிடம் போகுமுன்னரே கைத்தொலைபேசியில் தேடுகிறோம். கொழும்பு, லண்டன், ரொறன்ரோ உறவினர்களின் வாட்ஸ்அப் செய்திகளும் வந்து சேர்கின்றன. தேடுவது தவறன்று. கிடைத்ததைச் சோதிக்காமல் உட்கொள்வதே ஆபத்து.

ஓர் உதாரணம்

2020 டிசம்பரில் இலங்கையின் கேகாலையில் தம்மிக்க பண்டார என்பவர், தேனும் சாதிக்காயும் சேர்த்த பாணி கொரோனாவைத் தடுக்கும் என்றார். காளி அம்மன் அருளிய மருந்து என்றும் கூறினார். செய்தி பரவ, ஆயிரக்கணக்கானோர் அங்கே திரண்டனர். அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சியும் அதைப் பருகினார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானது. பிரபலமானவர் குடித்தார், கூட்டம் கூடியது, தெய்வத்தின் பெயர் சொல்லப்பட்டது என்பவை ஒரு மருந்துக்குச் சான்றாக மாட்டா.

கனடாவிலும் இது நடந்தது. கால்நடைகளுக்கான ஐவர்மெக்ரினைக் கொரோனாவுக்கு உட்கொள்ள வேண்டாமென்று ஹெல்த் கனடா 2021 ஆகஸ்டில் எச்சரிக்க நேர்ந்தது.

பெயர் இரண்டு, மருந்து ஒன்று

ஊரிலிருந்து வரும் பனடோலில் உள்ளது பரசிற்றமோல். இங்குள்ள ரைலினோலில் உள்ளது அசற்றமினோபன். இவை இரண்டும் ஒரே மருந்தே. தடிமனுக்கு விற்கும் பல கூட்டு மருந்துகளிலும் இது கலந்திருக்கிறது. மூன்றையும் சேர்த்து எடுத்தால் அளவு மீறி ஈரல் பழுதடையலாம். வளர்ந்தவர்களுக்கு 24 மணி நேரத்தில் உச்ச அளவு 4,000 மில்லிகிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசைகள் எட்டு. ஈரல் நோயுள்ளவர்களுக்கும் மது அருந்துபவர்களுக்கும் இதிலும் குறைவு. பிள்ளைகளுக்கு உடல் நிறையைப் பொறுத்தே அளவு.

நாம் செய்யக்கூடியவை

1. பெட்டியில் 8 இலக்க டின் எண் உண்டா எனப் பாருங்கள். இயற்கை மருந்தாயின் என்.பி.என். எண் இருக்கும். டின் எண்ணை ஹெல்த் கனடாவின் இணையப் பட்டியலில் இட்டால் உள்ளடக்கம் தெரியும்.

2. செய்தியை அனுப்பியவரை விட, அதை முதலில் சொன்னவர் யார், அவர் எதையாவது விற்கிறாரா என்று கேளுங்கள்.

3. பார்மசியில் மருந்தாளரிடம் கேளுங்கள். முன்பதிவு வேண்டியதில்லை. ஊர் மருந்து, மூலிகைத் தூள் எல்லாவற்றையும் ஒரு பையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். மறைக்க வேண்டாம்.

4. கியூபெக்கில் 811 ஐ அழைத்தால் இரவும் பகலும் தாதியருடன் பேசலாம். அளவு மீறி உட்கொண்டிருந்தால், சுகமாகத் தோன்றினாலும் உடனே நச்சுத் தடுப்பு நிலையத்தை 1-800-463-5060 இல் அழையுங்கள்.

இளையோருக்கு ஒரு பயிற்சி

பிரெஞ்சு மொழியிலுள்ள விபரங்களை அம்மம்மா, அப்பப்பாவுக்கு வாசித்துச் சொல்பவர்கள் நீங்களே. இந்த வாரம் அவர்களுடன் இருந்து, ஒவ்வொரு மருந்தின் பெயர், உள்ளடக்கம், அளவு, எடுக்கும் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதுங்கள். ஒரே உள்ளடக்கம் இருமுறை வந்தால் அடையாளமிட்டு, மருந்தாளரிடம் காட்டுங்கள். டொக்டர் தந்த குளிசையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.