வியன்னாவில் கிறிஸ்துமஸ் விடுமுறை: முதன்முறை செல்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கிறிஸ்துமஸ் அன்று ஊரே தெருவில் இறங்கிக் கொண்டாடும் என்று நம்பி ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் பலர், அன்றைக்குத்தான் கடைகள் அத்தனையும் மூடிக்கிடப்பதைப் பார்த்துத் திகைத்துப்போகிறார்கள். ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் கிறிஸ்துமஸ் என்பது வீட்டுப் பண்டிகை. டிசம்பர் 24 மாலை குடும்பம் மொத்தமும் வீட்டு மரத்தின் முன் கூடிவிடும். பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவருபவர் குழந்தை இயேசு என்பது அங்குள்ள நம்பிக்கை. தெருக் கொண்டாட்டமெல்லாம் அதற்கு முந்தைய வாரங்களில்தான். அந்த ஆரவாரம், பிறகு வரும் அமைதி இரண்டுக்கும் இடம் வைத்துத் திட்டமிட்டால், இதைவிட நிறைவான விடுமுறை கிடைப்பது அரிது.

படி 1: தேதியை முடிவு செய்யுங்கள்

கிறிஸ்துமஸ் சந்தைகள் நவம்பர் நடுவிலேயே தொடங்கிவிடும். சில சந்தைகள் டிசம்பர் 23-ஆம் தேதியோடும் பல 26-ஆம் தேதியோடும் முடிந்துவிடும். ஷோன்புருன் அரண்மனைச் சந்தை புத்தாண்டைத் தாண்டியும் நடக்கும். எனவே 19 அல்லது 20-ஆம் தேதி போய்ச் சேர்ந்து 27-ஆம் தேதி கிளம்புவது நல்லது. 24-ஆம் தேதி போய் இறங்குவதைக் கட்டாயம் தவிருங்கள்.

படி 2: விசா

இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னதாகவாவது விண்ணப்பித்தாக வேண்டும். டிசம்பருக்கு நேர்காணல் தேதி கிடைப்பது கடினம் என்பதால் செப்டம்பரிலேயே முயலுங்கள். பெரியவர்களுக்கு விசா கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். பல நாடுகளுக்குப் போவதாக இருந்தால், எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் விசாவுக்கு விண்ணப்பியுங்கள்.

படி 3: தங்குமிடம்

நகரின் மையமான முதல் வட்டாரத்தில் வாடகை அதிகம். மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில், 4 அல்லது 7-ஆம் வட்டாரத்தில் தேடுங்கள். சமையலறையோடு கூடிய அறையாக இருந்தால், கடைகள் மூடியிருக்கும் நாட்களில் கைகொடுக்கும். ஓட்டல் என்றால் காலை உணவோடு பதிவு செய்யுங்கள்.

படி 4: குளிருக்கான உடை

வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். மாலை 4 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஒரே தடிமனான உடையைவிட அடுக்கடுக்காக அணிவதே சரி: உடலோடு ஒட்டிய தெர்மல், மேலே கம்பளி ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றுப் புகாத கோட். கட்டடங்களுக்குள் நல்ல கதகதப்பு இருக்கும் என்பதால் நுழைந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருக்கும். சந்தையில் நிற்கும்போது குளிர் பாதம் வழியாகத்தான் ஏறும். தடித்த அடிப்பாகம் கொண்ட, தண்ணீர் புகாத ஷூவுக்கும் கம்பளிச் சாக்ஸுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழியுங்கள்.

படி 5: சந்தைகளை ரசியுங்கள்

நகர மண்டபத்தின் முன்னுள்ள ராட்ஹவுஸ் சந்தைதான் பெரியது. விளக்கு அலங்காரமும் ஐஸ் ஸ்கேட்டிங் தளமும் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஸ்பிட்டல்பெர்க் சந்தை பழைய வீடுகளுக்கு நடுவே குறுகிய சந்துகளில் விரிந்திருக்கும். கைவினைப் பொருள் வாங்க அதுவும் கார்ல்ஸ்கிர்ஷே தேவாலயச் சந்தையும் ஏற்றவை. வார நாட்களில் மாலை 4 மணிக்குப் போனால், விளக்குகள் எரியத் தொடங்குவதையும் பார்க்கலாம், இரவுக் கூட்டத்துக்கும் முந்திவிடலாம்.

சூடான பானம் வாங்கும்போது கோப்பைக்கும் சேர்த்து முன்பணம் வாங்குவார்கள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்ப வரும்; பிடித்திருந்தால் நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளலாம். மது வேண்டாதவர்கள் 'கிண்டர்புன்ஷ்' கேளுங்கள். பழச்சாறும் பட்டை, கிராம்பும் சேர்ந்த பானம் அது. சைவம் சாப்பிடுபவர்களுக்குச் சுட்ட செஸ்ட்நட், உருளைக்கிழங்கு அடை போன்றவை கிடைக்கும். 'ஓனே ஃப்ளைஷ்' என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். ஷ்பெக் எனப்படும் பன்றி இறைச்சித் துண்டுகள் சேர்ந்திருக்கிறதா என்றும் தனியாகக் கேட்டுவிடுங்கள். சில்லறையாகக் கொஞ்சம் யூரோ கையில் இருக்கட்டும்.

படி 6: 24-ஆம் தேதிக்குத் தயாராகுங்கள்

24-ஆம் தேதி பிற்பகல் 2 மணியோடு கடைகள் மூடிவிடும். 25, 26 இரண்டும் அரசு விடுமுறை. அதை ஒட்டி ஞாயிறு வந்தால் அன்றும் கடை கிடையாது. பால், ரொட்டி, பழம், மருந்து எல்லாவற்றையும் 23-ஆம் தேதியே வாங்கிவையுங்கள். அவசரத்துக்குப் பெரிய ரயில் நிலையங்களில் உள்ள சூப்பர் மார்க்கெட்டுகள் உதவும். 24-ஆம் தேதி இரவு உணவுக்கு உணவகத்தில் மேசையைச் சில வாரம் முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள். மெட்ரோவும் டிராமும் விடுமுறையிலும் ஓடும். காகிதப் பயணச்சீட்டு வாங்கினால் அதை இயந்திரத்தில் முத்திரையிட மறக்க வேண்டாம். முத்திரை இல்லாவிட்டால் அபராதம்.

24-ஆம் தேதி இரவு புனித ஸ்டீபன் பேராலயத்தில் நள்ளிரவுத் திருப்பலி நடக்கும். உட்கார இடம் வேண்டுமானால் வெகு முன்னதாகப் போங்கள்.

படி 7: 25, 26-ஆம் தேதிகளை அனுபவியுங்கள்

ஷோன்புருன் அரண்மனை விடுமுறை நாட்களிலும் திறந்திருக்கும்; முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் பீட்டர் புரூகல் 1565-இல் தீட்டிய 'பனியில் வேட்டைக்காரர்கள்' ஓவியம் இருக்கிறது. களைத்துத் திரும்பும் வேட்டைக்காரர்கள், தலைகவிழ்ந்த நாய்கள், கீழே உறைந்த குளத்தில் விளையாடும் பொடிப்பொடி மனிதர்கள் என்று ஐரோப்பியக் குளிர்காலம் முழுவதையும் அதில் பார்த்துவிடலாம். அதன் முன் அரைமணி நேரமாவது நில்லுங்கள்.

பிறகு ஒரு காபி இல்லத்துக்குப் போங்கள். சிறிய வெள்ளித் தட்டில் நுரை பொங்கும் மெலாஞ் காபியும் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் வரும். டம்ளர் மேல் கரண்டி குறுக்காக வைத்திருக்கும். ஒரே காபியோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்பமாட்டார்கள்.

நகரில் பனி பெய்யும் என்று உறுதி கிடையாது. பனி பார்க்கும் ஆசை இருந்தால் ஜெம்மரிங் மலைக்கு ரயிலில் போய் வரலாம். 1854-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த மலை ரயில்பாதை யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். பயணமே ஓர் அனுபவம்.

எதில் தொடங்குவது?

முதலில் விசா நேர்காணல் தேதி, அடுத்து தங்குமிடம், மூன்றாவதாக 24-ஆம் தேதி இரவு உணவு. இந்த மூன்றும் உறுதியானால் மற்றவற்றைப் போன பிறகும் பார்த்துக்கொள்ளலாம். 25, 26-ஆம் தேதிகளில் மட்டும் அட்டவணையை நிரப்பிவிடாதீர்கள். ஊரே ஓய்வெடுக்கும் அந்த நாட்களில் நீங்களும் ஓய்வெடுங்கள். வியன்னாவின் கிறிஸ்துமஸை அனுபவிக்க அதுவே சிறந்த வழி.