டச்பேட் அசையவில்லையா?

கேள்வி: விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறியதும் என் லேப்டாப்பின் டச்பேட் வேலை செய்யவில்லை. டச்பேடையே மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். உண்மையா?
– ஒரு வாசகி, மல்லேஸ்வரம், பெங்களூரு

பதில்: அவசரப்பட்டுச் செலவு செய்யாதீர்கள், அம்மா. மாற்றத்துக்கு முன்புவரை ஓடியது என்றால் சந்தேகம் முதலில் டிரைவர் மென்பொருள் மீதுதான் விழ வேண்டும்.

ஒரு யூஎஸ்பி மவுஸைச் செருகிக்கொள்ளுங்கள். உங்கள் பகுதியின் சம்பிகே சாலையில் எளிதாகக் கிடைக்கும். செட்டிங்ஸில் ‘புளூடூத் அண்ட் டிவைசஸ்’ பகுதியில் டச்பேட் ‘ஆன்’ நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். விசைப்பலகையின் மேல்வரிசையில் டச்பேட் படமுள்ள விசை இருந்தால், எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்திப் பாருங்கள்.

பலனில்லையா? விண்டோஸ் விசையையும் எக்ஸையும் அழுத்தி, டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மஞ்சள் எச்சரிக்கைக் குறி தெரிந்தால் காரணம் அங்கேதான். இன்றைய டச்பேடுகள் பெரும்பாலும் ‘ஐ2சி’ இணைப்பில் இயங்குகின்றன. அந்த இணைப்புக்கான சிப்செட் டிரைவர் பழுதானால், டச்பேட் டிரைவரை மட்டும் திரும்ப நிறுவிப் பயனில்லை. லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்குரிய இரண்டையும் இறக்கி, சிப்செட் டிரைவரை முதலில் நிறுவுங்கள்.

அதன்பிறகும் அசையாவிட்டால், மாறிய 10 நாட்களுக்குள் ‘ரிக்கவரி’ பகுதி வழியாக விண்டோஸ் 10-க்குத் திரும்பிப் பார்க்கலாம். கோப்புகளை நகலெடுத்துவிட்டுச் செய்யுங்கள். அங்கே ஓடினால் டச்பேட் நன்றாகவே இருக்கிறது. ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அங்கேயே தங்கிவிட வேண்டாம். பழையதிலும் ஓடாவிட்டால் மட்டும் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.