ஹைட்ராலிக் உருளையில் எண்ணெய் கசிவது ஏன்?

மாணவர்களே, பத்து பாகாட், யோங் பெங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் டிராக்டரின் டிரெய்லர் மேலெழுந்து குலைகளைக் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தூக்குவது ஹைட்ராலிக் உருளை. மூடிய கலனிலுள்ள திரவத்தின்மீது செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் தத்துவமே இதற்கு அடிப்படை.

ஒரு கணக்குப் போடுவோம். உருளையின் உள்விட்டம் 8 செ.மீ. என்றால் பிஸ்டனின் பரப்பு ஏறக்குறைய 50 சதுர செ.மீ. எண்ணெயின் அழுத்தம் 150 பார், அதாவது சதுர செ.மீ.க்கு 1,500 நியூட்டன். விசை = அழுத்தம் × பரப்பு = 75,000 நியூட்டன். சுமார் 7.5 டன் சுமையைத் தூக்க இது போதும்!

இந்த அழுத்தத்தை அடக்கி வைப்பது சிறிய சீல்தான். 1795இல் ஹைட்ராலிக் அழுத்திக்குக் காப்புரிமை பெற்ற ஜோசப் பிராமாவுக்கும் கசிவே பெரும் தலைவலி. அவரது பட்டறையில் வேலை செய்த ஹென்றி மாட்ஸ்லி கிண்ண வடிவத் தோல் சீலால் அதைத் தீர்த்தார். திரவ அழுத்தமே கிண்ணத்தின் விளிம்பை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கும். அழுத்தம் கூடினால் அடைப்பும் இறுகும். இன்றைய பாலியூரிதேன் சீலிலும் இதே உத்திதான். அதனால்தான் சீலின் உதடு எண்ணெய் அழுத்தம் வரும் பக்கம் பார்த்திருக்க வேண்டும்.

கசிவு இரு வகை. தண்டைச் சுற்றி எண்ணெய் வழிந்தால் அது வெளிக்கசிவு. வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் தூக்கிய சுமை மெல்ல இறங்கினால், பிஸ்டன் சீல் தேய்ந்திருக்கலாம், வால்வும் காரணமாகலாம்.

சீலை மட்டும் மாற்றினால் போதுமா? போதாது. சேறும் மணலும் தண்டின் குரோமியப் பூச்சைக் கீறியிருந்தால், அந்தக் கீறல் புதுச் சீலையும் அறுத்துவிடும். எனவே மெக்கானிக் தண்டைத் துடைத்து, கீறலோ வளைவோ உண்டா என்று முதலில் சோதிப்பார்.

ஓர் எச்சரிக்கை: கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அட்டையைக் காட்டித்தான் சோதிக்க வேண்டும். பழுது பார்க்குமுன் சுமையைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, நெம்புகோலை அசைத்து அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். தூக்கி நிற்கும் டிரெய்லரின் அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். அந்தச் சுமையைத் தாங்கி நிற்பது ஒரு சீல் மட்டுமே.