எலும்பு அடர்த்தி: விழுவதற்கு முன்பே அறிந்துகொள்வோம்

 

நம் மஹல்லாக்களில் அடிக்கடி காதில் விழும் செய்தி இது. சுபுஹு தொழுகைக்கு ஒளு செய்யப் போன உம்மம்மா ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. அன்று படுத்தவர் பிறகு எழுந்து நடக்கவே இல்லை. "வயதாகிவிட்டது, அல்லாஹ்வின் நாட்டம்" என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறோம். விதியை நாம் மறுக்கவில்லை. ஆனால், நின்ற இடத்தில் விழுந்ததற்கே எலும்பு முறிகிறது என்றால் அது அன்று பலவீனமானதல்ல. பல ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் தேய்ந்து வந்திருக்கிறது. அதை முன்பே அறியவும் தடுக்கவும் வழி உண்டு. முயற்சி செய்துவிட்டுப் பொறுப்பை இறைவனிடம் ஒப்படைப்பதுதானே தவக்குல்!

எலும்பு அடர்த்தி என்றால் என்ன?

எலும்பு உயிருள்ளது. பழைய எலும்பு கரைவதும் புதியது சேர்வதும் வாழ்நாள் முழுவதும் நடக்கின்றன. அதில் படிந்திருக்கும் கால்சியம் முதலான தாதுக்களின் அளவையே எலும்பு அடர்த்தி என்கிறோம். சுமார் 30 வயது வரை சேமிப்பு; அதற்குப் பின் மெல்ல மெல்லச் செலவு. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால், அடுத்து வரும் சில ஆண்டுகளில் பெண்களுக்கு இந்த இழப்பு வேகமாகிறது. ஆண்களும் இதற்கு விலக்கல்ல.

எலும்பு தேய்வதால் மட்டும் வலி வராது. முறிந்த பிறகே தெரியும். ஆனாலும் சில அடையாளங்கள் உண்டு: உயரம் குறைதல், முதுகு கூனிப்போதல், லேசாக விழுந்ததற்கே மணிக்கட்டு முறிதல். கூன் விழுவதை வெறும் முதுமை என்று விட்டுவிடக் கூடாது. முதுகெலும்புகள் ஒவ்வொன்றாக நசுங்கியிருக்கலாம்.

எப்படிக் கண்டறிவது?

இடுப்பிலும் முதுகுத்தண்டிலும் எடுக்கப்படும் 'டெக்ஸா ஸ்கேன்' இதற்கான சரியான பரிசோதனை. ஊசி இல்லை, வலி இல்லை. கதிர்வீச்சும் மிகக் குறைவு. ஆரோக்கியமான இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிட்டு 'டி ஸ்கோர்' என்ற எண்ணைத் தருவார்கள். உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த அளவுகோல் இது:

-1 அல்லது அதற்கு மேல்: இயல்பு.
-1-க்கும் -2.5-க்கும் இடையில்: அடர்த்திக் குறைவு.
-2.5 அல்லது அதற்குக் கீழ்: எலும்புப்புரை நோய்.

மருத்துவ முகாம்களில் குதிகாலில் கருவி வைத்துப் பார்ப்பது ஒரு முன்னறிவிப்பு மட்டுமே. அந்தச் சீட்டை வைத்து நாமாகவே மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. 65 வயதைக் கடந்த பெண்கள் டெக்ஸா எடுத்துக்கொள்வது நல்லது. கீழே சொல்லும் காரணங்கள் உள்ளவர்கள் அதற்கு முன்பே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மற்ற நோய்களோடு தொடர்பு

முடக்குவாதம், தைராய்டு மிகைச் சுரப்பு, நாள்பட்ட சிறுநீரக நோய், குடல் சத்தை உறிஞ்சாத நோய்கள் ஆகியவை எலும்பைக் கரைக்கும். மூச்சிரைப்புக்கும் மூட்டுவலிக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை 3 மாதத்திற்கு மேல் சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து அதிகம். அதற்காக அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. மருத்துவரிடம் சொல்லி எலும்பைப் பரிசோதிக்க வேண்டும். இரண்டாம் வகை சர்க்கரை நோயில் ஸ்கோர் இயல்பாகக் காட்டினாலும் எலும்பு எளிதில் முறியலாம். புகையிலையும் எலும்புக்குப் பகை. வெற்றிலையோடு புகையிலை போடும் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

உணவு: வயதுவந்தவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை. 200 மில்லி பாலில் சுமார் 240, 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கிடைக்கும். தயிர், எள், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி ஆகியவையும் உதவும்.

வெயில்: கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். அது வெயில் தோலில் படுவதால் உருவாகிறது. கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயில் பயன்படாது. அதிகாலை இளவெயிலும் போதாது. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் வேளையே ஏற்றது. நிழலை அளந்து தொழுகை நேரம் அறிந்த சமுதாயத்திற்கு இது புதிதல்ல! பெண்கள் வீட்டு முற்றத்திலோ மறைவான மொட்டை மாடியிலோ கையும் காலும் வெயில் பட இருபது, முப்பது நிமிடம் இருக்கலாம். ஹிஜாபுக்கும் இதற்கும் முரண் ஏதுமில்லை.

பிள்ளைகள்: எலும்பில் பெருமளவு சேர்வது வளரிளம் பருவத்தில்தான். பெண்பிள்ளை வயதுக்கு வந்ததும் ஓட்டத்தையும் விளையாட்டையும் நிறுத்தி அறைக்குள் உட்கார வைத்தால், அவளுடைய அறுபது வயதின் கையிருப்பை நாமே குறைக்கிறோம். பெற்றோர்களே, இதைச் சிந்தியுங்கள்.

வீடு: ஒளு செய்யும் இடத்திலும் குளியலறையிலும் கைப்பிடி, சொரசொரப்பான தரை, இரவு முழுதும் ஒரு சிறு விளக்கு. இவற்றின் செலவு ஓர் அறுவை சிகிச்சையின் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

இபாதத்தும் சிகிச்சையும்: எலும்புப்புரைக்கான வாராந்திர மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமலும் சாப்பிடாமலும் இருக்க வேண்டும். ரமளானில் அதை விட்டுவிடாமல், ஸஹர் வேளையிலா இஃப்தாரிலா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதுகெலும்பு முறிந்தவர்கள் குனிந்து ருகூஉ, ஸஜ்தா செய்யலாமா என்றும் கேளுங்கள். இயலாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் இடமளித்திருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இவ்வாரம் ஒரு காரியம் செய்வோம். வீட்டில் உள்ள பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்து, "கடந்த வருடத்தில் எங்காவது விழுந்தீர்களா?" என்று கேட்போம். பிள்ளைகள் கவலைப்படுவார்களே என்று அவர்கள் மறைத்திருக்கக்கூடும். ஆம் என்றால், அடுத்த முறை விழும்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.

வல்ல அல்லாஹ் நம் பெரியவர்களுக்கும் நமக்கும் பூரண ஆஃபியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.