டுபாய் எவ்வளவு தூரம்? டிக்கட்டில் இல்லாத மணித்தியாலங்கள்

கொள்வனவுக்காக முதன்முறையாக டுபாய் செல்லவிருக்கும் வர்த்தகர்கள் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனை மணித்தியாலப் பயணம்?" என்பதுதான். டிக்கட்டை மட்டும் பார்த்தால் இதற்குச் சரியான விடை கிடைக்காது.

கட்டுநாயக்கவிலிருந்து டுபாய் விமான நிலையம் நேராக அளந்தால் சுமார் 3,290 கிலோமீற்றர். இடையில் தரிக்காத விமானம் ஏறத்தாழ நாலரை மணித்தியாலத்தில் போய்ச் சேரும். திரும்பி வரும்போது மேற்கிலிருந்து வீசும் மேற்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் பெரும்பாலும் சிறிது நேரம் குறையும்.

டிக்கட்டில் உள்ள நேரம் அந்தந்த ஊர் நேரமாகும். 2006 ஏப்ரலில் நமது கடிகாரம் அரை மணித்தியாலம் பின்வைக்கப்பட்டது முதல், டுபாய் நம்மைவிட ஒன்றரை மணித்தியாலம் பிந்தியே இருக்கிறது. காலை 10 மணிக்குப் புறப்பட்டால் அங்கே பகல் 1 மணிக்கு இறங்குவீர்கள். டிக்கட்டில் 3 மணித்தியாலம்தான் தெரியும். அங்கிருந்து இரவு 10 மணிக்குப் புறப்பட்டால், இங்கு வந்து சேரும்போது மறுநாள் அதிகாலை 4 மணியை நெருங்கிவிடும்.

திகதியிலும் கவனம் வேண்டும். "வெள்ளி அதிகாலை 2.30" என்றிருந்தால் வியாழன் இரவே விமான நிலையத்தில் நிற்க வேண்டும். வெள்ளி இரவு போனால் விமானமும் இல்லை, பணமும் இல்லை.

இனி உண்மையான கணக்கைப் பார்ப்போம். காத்தான்குடி வர்த்தகர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து கட்டுநாயக்கவுக்குத் தரை வழியாக சுமார் 7 மணித்தியாலம். விமான நிலையத்தில் 3. வானில் நாலரை. அங்கு குடிவரவு, பொதி எடுத்தல், தேரா போய்ச் சேருதல் எல்லாமாக ஒன்றரை. மொத்தம் 16 மணித்தியாலம். இதில் பறக்கும் நேரம் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஆகவே வேறொரு நகரில் 8 மணித்தியாலம் தரித்துச் செல்லும் மலிவான டிக்கட்டை வாங்குமுன் நான் ஒரு கணக்குப் போடுவேன். 16 மணித்தியாலம் 24 ஆகிவிடும். பத்தாயிரம் ரூபா மிச்சம் என்றால், ஒரு நாள் கடை வருமானம், வழிச் சாப்பாட்டுச் செலவு, சந்தையில் இழக்கும் ஒரு பகல் ஆகிய மூன்றையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை பத்தாயிரத்தைத் தாண்டினால் அது மலிவான டிக்கட் அல்ல.

போய்ச் சேரும் கிழமையும் முக்கியம். 2022 ஜனவரி முதல் டுபாய் அரச அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. வெள்ளி அரை நாள். ஆவண வேலை உள்ளவர்கள் வியாழன் இரவு போய் இறங்குவதில் பயனில்லை. ஞாயிறு போய்ச் சேர்ந்தால் முழு வாரமும் கையில் இருக்கும். வங்கி வேலைக்கும் நேர வித்தியாசத்தை மறக்க வேண்டாம். அங்கே பகல் 1.30 ஆகும்போது இங்கே பிற்பகல் 3 மணி.

டிக்கட் எடுக்குமுன் ஒரு துண்டுக் கடதாசியில் வீட்டு வாசலிலிருந்து சந்தை வாசல் வரை மணித்தியாலங்களை எழுதிக் கூட்டுங்கள். பிறகு விலையைப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், பயணமும் வியாபாரமும் இலகுவாகும்.