மடு யாத்திரையும் மடிக் குழந்தையும்



மடு மாதாவின் ஆவணித் திருவிழா நெருங்கியதும் பசறை, லுணுகலை, மடூல்சீமைத் தோட்டங்களில் வான் பேசும் வேலை தொடங்கிவிடும். ஆளுக்கு இவ்வளவு என்று பணம் சேர்ப்போம். அரிசி, பாய், சட்டி பானை எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்ப்போம். அந்தக் கணக்கில் வராமல் போவது கைக்குழந்தைதான். தாயின் மடியில் இருக்கப் போகிற பிள்ளைக்குத் தனியாக என்ன ஏற்பாடு என்று விட்டுவிடுகிறோம். ஆனால் பயணத்தை அந்தப் பிள்ளையை வைத்தே திட்டமிட வேண்டும். அது இவ்வருடம் வரத்தான் வேண்டுமா என்பதே முதற்கேள்வி.

சாமுவேல் முதலாம் நூலின் முதல் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். பிள்ளையில்லாமல் அழுது நேர்ந்துகொண்ட அன்னாவுக்குச் சாமுவேல் பிறக்கிறான். ஆண்டுப் பலிக்கும் பொருத்தனைக்குமாக எல்கானா குடும்பத்தோடு சீலோவுக்குப் புறப்படுகிறார். அன்னா போகவில்லை. பிள்ளை பால்குடி மறந்தபின் கொண்டுபோவேன் என்கிறாள். எல்கானா கோபிக்கவில்லை, உனக்கு நல்லதாகத் தோன்றுவதைச் செய் என்று விட்டுவிடுகிறார். அக்காலத்துத் தாய்மார் மூன்று வருடம்வரை பால் கொடுத்தனர் என்பது மக்கபேயர் இரண்டாம் நூலால் (7:27) தெரிகிறது. அத்தனை காலம் தள்ளிப்போன நேர்த்தியை ஆண்டவர் குறையாக எண்ணியதாக வேதாகமத்தில் எங்கும் இல்லை.

நம் வீடுகளில் எல்கானாவைப் போன்றவர்கள் குறைவு. "நேர்ந்துவிட்டேன், கொண்டுபோகாவிட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகும்" என்று அம்மாயி சொன்னால் மருமகள் வாய் திறப்பதில்லை. திருச்சபை இப்படிப் பயமுறுத்துவதில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் வார்த்தைப்பாடுகளைப் பற்றி 1191 முதலான எண்களில் சொல்லப்பட்டிருக்கிறது. செய்யக்கூடிய நற்காரியத்தையே நேர்ந்துகொள்ள வேண்டும். நேர்ந்தவரை மட்டுமே அது கட்டுப்படுத்தும். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைக் கட்டுப்படுத்தாது. அதே அளவு நன்மையான அல்லது அதிலும் மேலான வேறொரு செயலாக நேர்ந்தவரே அதை மாற்றிக்கொள்ளலாம். நியாயமான காரணம் இருந்தால் பங்குத் தந்தை விலக்கும் அளிக்கலாம். ஆகவே மனம் கலங்குகிறவர்கள் வானுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் பங்குச் சுவாமியாரிடம் பேசுங்கள்.

எந்த வயதில் கொண்டுபோகலாம்? மூன்று மாதம் நிறையாத பிள்ளையை இலட்சக்கணக்கானோர் கூடும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம் என்பதே எம் எண்ணம். அந்த வயதில் 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் கண்டாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மூன்று மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடைப்பட்ட பிள்ளைதான், பலரும் நினைப்பதற்கு மாறாக, பயணத்துக்குச் சுலபமானது. தாய்ப்பாலைத் தவிர அதற்கு எதுவும் வேண்டியதில்லை. வெயிலென்று தண்ணீர் பருக்கக் கூடாது. அடிக்கடி பால் கொடுத்தாலே போதும். தாய் நிறையத் தண்ணீர் குடிக்கட்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்குத்தான் சாப்பாட்டுத் தொல்லை. காலையில் பிசைந்து எடுத்துப்போன பருப்புச் சோறு வெயிலில் கெட்டுவிடும். வாழைப்பழம் நல்லது. மாப்பால் கொடுப்பவர்கள் பிளாஸ்கில் கொதிநீர் கொண்டுபோய் வேண்டியபோதே கரைத்து, மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். இரண்டு, நான்கு, ஆறு மாத ஊசிகளில் ஒன்று அந்த வாரத்தில் வந்தால் முன்கூட்டியே மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேளுங்கள். கிளினிக் புத்தகம் பையில் இருக்கட்டும்.

இனி வழி. பதுளை, மஹியங்கனை, பொலன்னறுவை, ஹபரணை, அனுராதபுரம், மதவாச்சி என்று முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். இரவுப் பயணம் வெயிலுக்குத் தப்ப நல்லதென்பார்கள். எமக்கு அதில் சம்மதமில்லை. பகலெல்லாம் ஓடிய சாரதி இரவிலும் ஓட்டுவார். ஹபரணைப் பக்கம் யானைகள் வீதிக்கு வரும். 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை 13ஆம் கட்டையருகே பள்ளத்தில் விழுந்ததை நாம் மறக்க முடியுமா? வளைவுப் பாதையில் என்ன நேரும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நன்றாகத் தூங்கியெழுந்த சாரதியோடு விடியற்காலையில் புறப்படுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லிப் பேசும்போதே ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். தாயும் பிள்ளையும் ஒருபோதும் முன் ஆசனத்தில் இருக்கக் கூடாது. பிள்ளைக்கென்று செய்த ஆசனம் கிடைத்தால் அதுவே பாதுகாப்பு, மடி அன்று.

இன்னொன்று. பசறைக் குளிருக்குப் போட்ட கம்பளித் தொப்பியும் காலுறையும் மஹியங்கனைக்கு இறங்கியதும் கழற்றப்பட வேண்டும். பலர் காற்றுப் படும் என்று மடுவரை கழற்றுவதில்லை. பிள்ளை சிவந்து, சோர்ந்து, கத்தக்கூடத் தெம்பில்லாமல் போய்விடுகிறது. வாய் உலர்ந்து, உச்சிக்குழி பள்ளமாகி, சிறுநீர் குறைந்தால் திருத்தலம் போய்ச் சேருவோம் என்று காத்திராதீர்கள். மஹியங்கனை, பொலன்னறுவை, அனுராதபுரம், மன்னார் எல்லாவற்றிலும் அரசாங்க ஆஸ்பத்திரி உண்டு. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தேநீர்க் கடையில் நிறுத்தினால் பிள்ளையை வானுக்குள் தூங்கவிட்டு இறங்காதீர்கள், ஐந்து நிமிடமானாலும்.

மடுவில் மர நிழலில் கூடாரம் அடிப்போம். முன்னோர் அங்கே மலேரியாவுக்கு அஞ்சினார்கள். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. டெங்கு இருக்கிறது, பகலிலும் பிள்ளைக்கு நுளம்பு வலை கட்டுங்கள். பூசை நேரத்தில் தாய் நெரிசலுக்குள் முண்டியடிக்க வேண்டாம். திருச்சொரூப ஆசீரின்போது பிள்ளையோடு ஓரமாக நின்றாலும் ஆசீர் ஆசீர்தான்.

திருவிழா முடிந்த கையோடு திரும்பப் புறப்பட எல்லோரும் அவசரப்படுவார்கள். அன்றிரவும் தங்கி, சாரதி தூங்கியெழுந்தபின் புறப்படுங்கள். பதுளை தாண்டி மலை ஏறும்போது குளிர் வரும். கம்பளித் தொப்பியை அப்போது போடலாம்.